பலகை ஓரம்

பொன்னுராஜ் பீரோவைத் திறந்தது போர்வை எடுக்க. போர்வைக்கு அடியில் மனைவி தங்கபாயின் தாள்கட்டு இருந்தது. கை பட்டதும் வெள்ளிப்பூச்சி இரண்டு ஓடின. கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பாதிக்கு மேல் சல்லடையாகியிருந்தது. உருப்படியாகத் தேறியது ஏழு.

மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து அவள் வாங்கிப் பழகிய தாள் அது. வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரியும். ஆனால் நனைத்துத் தேய்த்தாலும் கிழியாது. ராஜபாளையத்தில் யாரிடமும் கிடைக்காது.

ஏழையும் கட்டிலில் பரப்பிவிட்டு உட்கார்ந்தான். இன்னொரு மழைக்காலம் போனால் இதுவும் போகும். தாள் போனால் அவள் கடைசியாகச் செதுக்கிய படமும் போகும். அந்தப் படத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

தங்கபாய் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். வீட்டுக்கு வந்தால் மரத்தில் செதுக்கிச் சாயம் தடவித் தாளில் ஒற்றி எடுப்பாள். கல்லூரி நூலகத்தில் ஜப்பான் அச்சுப் படங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று இருந்ததாம். நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய படங்கள். நிழலே கிடையாது. மழையைச் சாய்ந்த கோடுகளாகவே போட்டிருப்பார்கள். படத்தின் முன்னால் ஒரு மரக்கிளையோ சக்கரமோ பெரிதாக மறைத்துக்கொண்டு நிற்கும். ஊரும் மலையும் மனுஷர்களும் அதற்குப் பின்னால் பொடிப்பொடியாகத் தெரிவார்கள். ஆயில் பெயிண்டிங் படிக்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டு உளியைக் கையில் எடுத்தாள். கல்யாணம் ஆகி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியில் புடவை, இன்னொன்றில் உளி.

ஒரு படத்துக்கு நாலு பலகை. ஒன்றில் கோடு மட்டும். மற்ற மூன்றில் ஒவ்வொன்றும் ஒரு நிறத்துக்கு. ஒரே தாளை நாலு பலகையிலும் மாற்றி மாற்றி வைத்து ஒற்ற வேண்டும். இம்மி நகர்ந்தால் சேலையின் சிவப்பு சேலைக்கு வெளியே போய்விடும். அதற்கு ஜப்பான்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எல்லாப் பலகையின் கீழ் ஓரத்திலும் ஒரே இடத்தில் இரண்டு வெட்டு. மூலையில் ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று. தாளின் மூலையை அதில் உட்கார வைத்து இறக்கினால் எந்தப் பலகையிலும் தாள் ஒரே இடத்தில் விழும். தங்கபாய் அதைக் காது என்பாள். காதைப் பிடித்து உட்கார வைத்தால் பிள்ளை அசையாது என்று ஒருநாள் சொன்னாள்.

கடைசிப் படத்தின் கோட்டுப் பலகையை மட்டும் ஒற்றி அவனிடம் காட்டியிருந்தாள். முன்னால் படத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு ஒரு தூக்குவாளி. அதன் கைப்பிடி வளையத்துக்குள்ளும் பக்கத்திலுமாக மில் விட்டு வரும் பெண்கள், குடை பிடித்தபடி. தூரத்தில் மேற்கு மலை. படம் முழுக்கச் சாய்ந்த கோடுகள்.

"நல்ல மழை," என்றான் பொன்னுராஜ்.

அவள் சிரித்தாள். "என்ன கலர் போடப்போறே?" என்று கேட்டான்.

"அச்சடிச்ச பொறவு பாருங்க. இப்பவே சொல்லிட்டா அதுல என்ன இருக்கு."

மூன்று நிறப் பலகைகளையும் செதுக்கி முடித்த வாரம் காய்ச்சல் என்று படுத்தாள். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது ஆஸ்பத்திரி வேனில், உடலாக.

அதன் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று பொன்னுராஜுக்கு வரிசையாக நினைவில்லை. மாமனார் தவசிமுத்து கடை வண்டியோடு வந்ததும், "இங்க கரையான் வந்துரும் மாப்ள, பலகைய நான் வச்சிருக்கேன்" என்று சொன்னதும், தான் தலையாட்டியதும் தெரியும். மில்லில் நூல் சோதிக்கும் லேபில் வேலை. போனான், வந்தான். மெஸ்ஸில் சாப்பிட்டான். யாராவது எப்படி இருக்கே என்று கேட்டால் இருக்கேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தாள்களை இரண்டு அட்டைக்கு நடுவில் கட்டி, சாயப்பொடி பாட்டில்களையும் பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினான். பலகைகளை வாங்கவேண்டும். அங்கேயே ஒற்றிப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் நினைப்பு.

தவசிமுத்துவின் மரக்கடைக்குப் பின்னால்தான் வீடு. மாமியார் ஞானபாக்கியம் கதவைத் திறந்தாள்.

"வாங்க மாப்ள. இப்பத்தான் கோயில்லேர்ந்து வந்தோம். மெலிஞ்சுட்டீக. மெஸ்ஸுல என்னத்தப் போடுதான், வெறும் தண்ணியா?"

"நல்லாத்தான் போடுதான் அத்தை."

உள்ளே நுழைந்தவன் நின்றுவிட்டான். எதிர்ச் சுவரில், இயேசு படத்துக்குக் கீழே, நாலு பலகைகளும் வரிசையாகத் தொங்கின. தேக்குச் சட்டம் போட்டு, பாலிஷ் ஏற்றி, பளபளவென்று. ஒவ்வொன்றுக்கும் மேலே பிளாஸ்டிக் மாலை.

தவசிமுத்து பின்னால் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கோயிலுக்குப் போட்ட சட்டை இன்னும் கழற்றவில்லை.

"எப்படி இருக்கு மாப்ள? நானே போட்டேன் சட்டம். ஆள் கையில குடுக்கல. பாஸ்டர் வந்து பாத்துட்டு, இம்புட்டு வேல தெரிஞ்ச பிள்ளையான்னு கேட்டாரு."

அந்த வீட்டில் எல்லாருக்கும் மரம்தான் படம். தாள் என்பது நகல். மரக்கடைக்காரர் வீட்டில் வேறு எப்படி இருக்கும். மகள் மஞ்சக்கடம்புப் பலகை கேட்டு வரும்போதெல்லாம் முடிச்சு இல்லாததாகப் பார்த்துத் தேர்ந்து இழைத்துக் கொடுத்தவர் அவர்.

பொன்னுராஜ் கிட்டே போய்க் கோட்டுப் பலகையின் கீழ் ஓரத்தைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். நாலையும் பார்த்தான்.

"மாமா, இந்த ஓரம்?"

"அதச் சொல்லணும்னு இருந்தேன்," என்றார் தவசிமுத்து. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூலையில கை தவறி வெட்டியிருந்தா. ஒண்ணுல இல்ல, நாலுலயும் அதே எடத்துல. பாவம், அப்பவே உடம்பு முடியாமத்தான் இருந்திருக்கு. சாயம் வேற ஓரத்துல அப்பிக் கெடந்துச்சு. நாலு பேரு வந்து பாக்கிற எடத்துல அவ தப்பு தெரியக்கூடாதுன்னு ஒரு விரக்கட அகலத்துக்கு வாளால எடுத்துட்டேன். நாலு பக்கமும். பாத்தா தெரியாது."

பார்த்தால் தெரியவில்லைதான். வாள் பட்ட இடத்தை அவர் அவ்வளவு சுத்தமாக இழைத்திருந்தார்.

ஓரத்தில் அப்பிக் கிடந்த சாயம் என்ன என்பது பொன்னுராஜுக்குத் தெரியும். எந்தப் பலகைக்கு எந்த நிறம் என்று அவள் அடையாளத்துக்குத் தடவி வைப்பது. காதும் போயிற்று, நிறமும் போயிற்று.

"அறுத்த துண்டு இருக்கா மாமா?"

"அது எதுக்கு மாப்ள?"

"இருக்கா?"

தவசிமுத்து மனைவியைப் பார்த்தார். "வெந்நி அடுப்புல வச்சுட்டேனே," என்றாள் ஞானபாக்கியம். "நல்லா எரிஞ்சுது."

பொன்னுராஜ் நாற்காலியில் உட்கார்ந்தான். கோபம் வரவேண்டிய இடம் என்று அவனுக்கே தெரிந்தது. வரவில்லை. பஸ்ஸில் திரும்பிப் போகவேண்டும், அறையைத் திறக்கவேண்டும், நாளைக்கு முதல் ஷிஃப்ட் என்று மட்டும் தோன்றியது. அது தவறு இல்லை, தாளை உட்கார வைக்கிற குறி என்று சொன்னான். சாயமும் குறிதான் என்றான். இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஆகவில்லை.

தவசிமுத்து சுவருக்குப் போய்க் கோட்டுப் பலகையைக் கழற்றினார். மாலை கீழே விழுந்தது. பலகையைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"நாலுலயும் ஒரே எடம்," என்றார். "முப்பது வருஷமா மரம் அறுக்கேன். நாலு பலகையில ஒரே எடத்துல ஒருத்தருக்குக் கை தவறுமா? அத யோசிக்கல பாருங்க."

"விடுங்க மாமா."

"வாள எடுக்கும்போது அழுதுகிட்டே எடுத்தேன். அதுதான் யோசன ஓடல."

ஞானபாக்கியம் அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றிருந்தாள். "இப்ப என்ன, அந்தப் படத்த எடுக்கவே முடியாதா?"

"சரியா சேராது அத்தை. ஒண்ணு மேல ஒண்ணு விழாது."

"சேராட்டா போவுது. எடுத்துப் பாக்கலாம்லா? தாளத் தூக்கிட்டு வந்தீக, சும்மா தூக்கிட்டுப் போறதுக்கா? நான் சோத்த வைக்கேன், நீங்க பாருங்க."

அப்போதுதான் பொன்னுராஜுக்கு அந்த யோசனை வந்தது. ஒரே தாளில் ஒற்ற வேண்டாம். பலகைக்கு ஒரு தாளாக ஒற்றி, நாலையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். தாள் அவ்வளவு மெல்லிசு. ஒட்ட முடியாது, வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் பார்க்கலாம்.

"பாலிஷ் போட்டிருக்கீங்களே. சாயம் பிடிக்காது."

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா போயிரும்," என்றார் தவசிமுத்து. அதற்குள் சட்டத்தின் ஆணியை நெம்ப ஆரம்பித்திருந்தார்.

கடைக்குள் வேலை மேஜையைக் காலி செய்தார்கள். தவசிமுத்து பழைய பனியனில் ஸ்பிரிட்டை நனைத்துப் பலகைகளைத் துடைத்தார். உளி போன பள்ளங்களில் தேங்கியிருந்த பாலிஷை முள்வாங்கியில் துணி சுற்றி எடுத்தார். ஞானபாக்கியம் வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவந்தாள். சாயப்பொடியைக் கஞ்சியில் குழைத்துத்தான் தங்கபாய் பூசுவாள். பொன்னுராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் குழைத்துக் கொடுத்திருக்கிறான். தேய்த்தும் கொடுத்திருக்கிறான். அதற்கு மேல் தெரியாது.

பையிலிருந்து தேய்க்கிற வட்டையை எடுத்தான். அட்டையை வட்டமாக வெட்டி, கயிறு சுற்றி வைத்து, மூங்கில் மடலால் மூடி இறுக்கிக் கட்டியது. அய்யனார் கோயில் பக்கம் போய் மடல் பொறுக்கி வந்து அவளே செய்தது. தாளின் முதுகில் இதை வைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் தாளில் ஏறும்.

அதைப் பார்த்ததும் ஞானபாக்கியத்தின் முகம் மாறியது. "இதுதான பேரன்?"

"ஆமா அத்தை."

ஜப்பான் மொழியில் அதற்குப் பேரன் என்றுதான் பெயர். கல்யாணமான மறுவருஷம் விசேஷம் உண்டா விசேஷம் உண்டா என்று தாயார் கேட்டுக்கொண்டே இருந்ததில், தங்கபாய் இதைச் சேலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, உங்களுக்குப் பேரன் வந்தாச்சு என்று மடியில் வைத்திருக்கிறாள்.

"ரெண்டு நாளு பேசல நான் அவகிட்ட," என்றாள் ஞானபாக்கியம். வாங்கி, மடலை ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கோட்டுப் பலகையைக் கறுப்பில் ஒற்றினான். அதில் சந்தேகம் இல்லை. நனைத்த தாளை இறக்கி, பேரனால் தேய்த்து, ஓரத்தைப் பிடித்து உரித்தான். தூக்குவாளி வந்தது, குடைகள் வந்தன, கோடுகள் வந்தன. தவசிமுத்து குனிந்து பார்த்தார். பலகையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"எடம் வலம் மாறிப்போச்சே."

"அப்படித்தான் மாமா வரும்."

"அப்ப நாங்க சுவத்துல மாட்டி வச்சிருந்தது எல்லாம் தலைகீழா?"

"தலைகீழ் இல்ல. எடது வலது."

"இம்புட்டு நாளும் தெரியாம ஜெபம் பண்ணிருக்கோம்," என்றார் தவசிமுத்து. ஞானபாக்கியம் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு அவளே திகைத்த மாதிரி முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

அடுத்தது பெரிய பரப்புள்ள பலகை. தூக்குவாளியையும் பெண்களையும் மலையையும் மட்டும் தோண்டிவிட்டு மிச்சம் எல்லாம் மேடாக இருந்தது. வானமும் ரோடும் சேர்ந்து ஒரே பரப்பு. பொன்னுராஜ் நீலத்தை எடுத்தான். மழைக்கு நீலம்தான்.

"அதுக்கு மஞ்சள்," என்றார் தவசிமுத்து.

"வானத்துக்கா மாமா?"

"எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பலகையோட ஓரத்துல மஞ்சள் இருந்துச்சு. அறுக்கும்போது தூளே மஞ்சளா விழுந்துச்சு."

"மஞ்சக்கடம்பு. தூள் மஞ்சளாத்தான விழும்."

"மரத்து மஞ்சளும் அப்புன மஞ்சளும் எனக்குத் தெரியாதா?"

"அவியளுக்கு நேத்து வச்ச கொழம்பே ஞாபகம் இருக்காது மாப்ள," என்றாள் ஞானபாக்கியம். "நீங்க ஒங்க இஷ்டத்துக்குப் போடுங்க."

"ஏட்டி, நீ செத்த நேரம் சும்மா இரு."

பொன்னுராஜ் நீலமே போட்டான். நல்ல சீராக வந்தது. மற்ற இரண்டில் எது எது என்று தவசிமுத்து யோசித்து, ஒன்றுக்குக் காவி, ஒன்றுக்கு நீலம் என்றார். பிறகு இல்லை, மாற்றி என்றார். பிறகு முதலில் சொன்னதுதான் என்றார். ஞானபாக்கியம் மோட்டுவளையைப் பார்த்தாள். குடையும் மலையும் இருந்ததை நீலத்தில் ஒற்றினான். சேலைகள் இருந்தது காவி. ஒற்றும்போது ஒரு தாள் கையோடு கிழிந்தது. இன்னொன்று எடுத்தான்.

கொடியில் போட்டதும் தாள்கள் சீக்கிரம் காய்ந்தன. வெளியே அப்படி ஒரு வெயில். சாப்பிட்டுவிட்டு வந்து ஹால் ஜன்னலுக்குப் போனார்கள். மேற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல். நாலு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்து, பொன்னுராஜ் ஒரு பக்கமும் தவசிமுத்து ஒரு பக்கமும் பிடித்தார்கள். நகர்த்தி நகர்த்தி, குடையின் நீலத்தைக் குடையின் கோட்டுக்குள் கொண்டுவந்தார்கள். குடை சேர்ந்தால் சேலை விலகியது. சேலையை இழுத்தால் வானம் மலைக்கு மேல் ஏறியது. தவசிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் எல்லாம் உட்கார்ந்தது.

அழகாகத்தான் இருந்தது. நீல மழை, நீல வானம், குடைக்குள் ஒடுங்கிப் போகும் பெண்கள். அவள் சொன்ன ஜப்பான் படம் மாதிரியே இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"இது நம்ம ஊரா?" என்றாள் பின்னால் நின்ற ஞானபாக்கியம்.

பொன்னுராஜ் தாள்களை இறக்கினான். கடைக்குப் போய்ப் பெரிய பரப்புப் பலகையை ஈரத்துணியால் துடைத்து, மஞ்சளைக் குழைத்து, இன்னொரு தாளில் ஒற்றினான். தவசிமுத்து கூடவே வந்து நின்றார். நான்தான் சொன்னேனே என்று சொல்லவில்லை.

காயும்வரை மூவரும் கொடியடியில் நின்றார்கள். பிறகு மறுபடி ஜன்னல். மறுபடி குடை, சேலை, மலை. இந்தத் தடவை சீக்கிரம் சேர்ந்தது. கைக்குப் பழகியிருந்தது.

பொன்னுராஜின் மூக்கு தாளில் முட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு குடையும் கொஞ்சம் மஞ்சளும் தவிர எதுவும் தெரியவில்லை. தவசிமுத்துவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பிடிக்கிறவனுக்குப் படம் தெரியாது. பின்னால் ஞானபாக்கியம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை தெரியுது?"

"வெயிலு," என்றாள் ஞானபாக்கியம்.

"மழை இல்லையா?"

"மழை எங்க இருக்கு இதுல? ரெண்டு மணி ஷிஃப்ட் விட்டு வாராளுக. கொளுத்துது. அதான் குடை."

பொன்னுராஜின் கையிலிருந்து ஒரு தாள் நழுவியது, பிடித்துக்கொண்டான்.

"நீங்க போய்ப் பாருங்க மாப்ள," என்றார் தவசிமுத்து. "ஏட்டி ஞானம், இங்க வா. மாப்ள எடத்துல பிடி. அசைக்காத."

ஞானபாக்கியம் வந்து அவன் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். பொன்னுராஜ் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நடந்தான். எதிர்ச் சுவர் முதுகில் இடித்தது. அங்கே நின்று திரும்பினான்.

வெயில்தான். ஜப்பானில் மழைக்குப் போடுகிற கோட்டை அப்படியே எடுத்து இந்த ஊர் வெயிலுக்குப் போட்டிருந்தாள். மஞ்சள் வானத்திலிருந்து மஞ்சள் ரோட்டுக்கு வெயில் கறுப்புக் கறுப்பாகச் சாய்ந்து இறங்கியது. மலை மட்டும் குளிர்ச்சியாகத் தூரத்தில் நின்றது. பெண்கள் வெயிலுக்கு அடியில் தலையைத் தாழ்த்தி வந்தார்கள். ராத்திரி ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று எத்தனையோ தடவை அவர்கள் அப்படி வருவதை மில் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். தூக்குவாளிக்கு நிறமே இல்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தாள். கண் கூசியது. ஜன்னல் வெயிலா வாளியா என்று பிரிக்க முடியவில்லை.

காவியும் நீலமும் அவள் நினைத்ததுதானா என்று தெரியாது. தவசிமுத்து மாற்றிச் சொல்லியிருக்கலாம். வானம் மட்டும் சரி. அதில் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

அவன் பார்த்தான். அழுகை வருமா என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தான். வரவில்லை. அவள் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான் என்று தெரிந்துவிட்டது. இனி அவளிடம் கேட்பதற்கு இதில் ஒன்றும் மீதி இல்லை.

"பாத்தாச்சா?" என்றாள் ஞானபாக்கியம், திரும்பாமல்.

"பாத்தாச்சு அத்தை."

ஜன்னலுக்குப் போய்த் தவசிமுத்துவின் விரலுக்குப் பக்கத்தில் விரலை வைத்தான்.

"விடுங்க மாமா. நான் பிடிக்கேன். நீங்க பாருங்க."

"எனக்கு எதுக்கு? நீங்க பாத்தாப் போதும்."

"போங்க மாமா."

தவசிமுத்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். பின்னால் அவர் செருப்பில்லாத காலடி நாலைந்து கேட்டது. நின்றது.

நேரம் போனது. வெயில் இறங்கிக் கண்ணாடி சுட்டது. பொன்னுராஜின் தோள்பட்டையில் வலி ஏறியது.

"கை வலிக்கா மாப்ள?" என்றாள் ஞானபாக்கியம் மெதுவாக.

"இல்ல அத்தை."

"எனக்கு வலிக்கு," என்றாள். கையை எடுக்கவில்லை.

"செத்த மேல தூக்குங்க," என்று பின்னாலிருந்து தவசிமுத்துவின் குரல் வந்தது. "குடை கோட்ட விட்டு எறங்குது."

இருவரும் தூக்கினார்கள்.